ஒளிந்துகொள்ள ஓர் இடம்: பிளானட் ஜூவை ரசிப்பது எப்படி?

பிளானட் ஜூ விளையாடுகிறவர்களில் பெரும்பாலோர் அதைக் கட்டட விளையாட்டாகவே எடுத்துக்கொள்கிறார்கள். குன்று எழுப்புகிறார்கள், அருவி விடுகிறார்கள், கோயில் மண்டபம் போல நுழைவாயில் கட்டுகிறார்கள். யூடியூபில் அந்தக் காணொளிகளைப் பார்த்தால் கண் விரியத்தான் செய்கிறது. ஆனால் இந்த விளையாட்டின் உயிர் அந்த மண்டபங்களில் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். சிறுத்தைக்கு மன அழுத்தம் என்று திரையில் ஓர் எச்சரிக்கை வருகிறதே, அதில் இருக்கிறது. பலர் அதை ஒரு தொல்லையாக நினைத்து, அவசரமாக எதையாவது மாற்றி, எச்சரிக்கை மறைந்ததும் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். அந்த இடத்தில் சற்று நின்று பார்க்க வேண்டும்.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஃப்ரான்டியர் டெவலப்மென்ட்ஸ் நிறுவனம் இதைக் கணினிக்காக 2019 நவம்பர் 5 அன்று வெளியிட்டது. கன்சோல் பதிப்பு 2024 மார்ச்சில் வந்தது. இதற்கு வெகுமுன்பே, 2001இல், ஜூ டைகூன் வந்து ஒரு தலைமுறையையே கட்டிப்போட்டிருந்தது. அதில் விலங்கின் மனநிலையைத் தலைக்கு மேல் தோன்றும் முகக்குறிகள் காட்டும். பச்சை முகம் என்றால் மகிழ்ச்சி, சிவப்பு என்றால் அதிருப்தி. பிளானட் ஜூ அந்த ஒற்றை முகத்தைப் பிரித்துப் பார்க்கிறது. உணவு ஒரு கணக்கு, கூட்டத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்பது ஒரு கணக்கு, மண்ணும் செடியும் வெப்பமும் இடப்பரப்பும் சேர்ந்த வாழிடம் ஒரு கணக்கு, பொழுதுபோக விளையாட்டுப் பொருள் உண்டா என்பது இன்னொரு கணக்கு. இவை எல்லாம் நூற்றுக்கு நூறாக இருந்தும் ஒரு விலங்கு துன்பப்படலாம். மனிதர்கள் அதைச் சூழ்ந்து நின்று பார்ப்பதே அதற்குப் போதும்.

முரண்பாட்டைக் கவனியுங்கள். பார்வையாளர்கள் விலங்கை நன்றாகப் பார்த்தால்தான் உண்டியலில் காசு போடுவார்கள். ஆகவே புதிதாக விளையாடுபவர் அடைப்பின் நான்கு பக்கமும் கண்ணாடி வைத்து, நான்கு பக்கமும் பாதை போடுகிறார். வருமானம் கொட்டுகிறது. நடுவில் இருக்கும் விலங்குக்கோ திரும்பும் திசையெல்லாம் முகங்கள். அழுத்தம் ஏறுகிறது, எச்சரிக்கை வருகிறது. விலங்குகளின் நலம் மோசமாகிக்கொண்டே போனால் பதாகை பிடித்த போராட்டக்காரர்கள் பூங்காவுக்குள் வந்து நிற்கிறார்கள். எந்தப் பார்வையால் பூங்கா பிழைக்கிறதோ, அதே பார்வைதான் விலங்கை வதைக்கிறது. இந்த முடிச்சை அவிழ்க்க ஒரு பொத்தானும் இல்லை. அதை அவிழ்க்கும் வேலையைத்தான் நான் இந்த விளையாட்டின் கலை என்கிறேன்.

உண்மையான பூங்காக்கள் இந்த முடிச்சோடு நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் போராடி வருகின்றன. ஜெர்மனியில் கார்ல் ஹாகன்பெக், ஹாம்பர்க் அருகே ஸ்டெல்லிங்கனில் 1907இல் திறந்த பூங்காவில் கம்பிகளை எடுத்துவிட்டு அகழிகளை வைத்தார். பாறைகளுக்கிடையே சிங்கம் சுதந்திரமாக நிற்பது போல மக்களுக்குத் தோன்றியது. பெரும் மாற்றம்தான். ஆனால் அந்த மாற்றம் முதலில் மனிதக் கண்ணுக்காகச் செய்யப்பட்டது என்பதை மறக்கக் கூடாது. சிங்கத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் கூட்டம் அங்கேயேதான் இருந்தது.

விலங்கின் பக்கத்திலிருந்து யோசிக்கக் கற்றுக்கொடுத்தவர்களில் முதன்மையானவர் சுவிட்சர்லாந்தின் ஹைனி ஹெடிகர். பெர்ன், பாஸல், சூரிக் ஆகிய ஊர்களின் பூங்காக்களை அடுத்தடுத்து நடத்தியவர். சிறைப்பட்ட காட்டு விலங்குகளைப் பற்றி 1942இல் அவர் எழுதிய நூலில் ஓடும் தூரம் என்ற கருத்துக்கு முக்கிய இடம் உண்டு. காட்டில் ஒரு மானை நோக்கி நடந்தால் ஏதோ ஓர் இடைவெளி வரை அது பொறுத்துக்கொள்ளும். அதற்கு மேல் ஓரடி வைத்தாலும் ஓடிவிடும். அந்த இடைவெளியை அடைப்புக்குள் விலங்கால் எட்டவே முடியாமல் போனால், அது ஓட வேண்டிய நிலையிலேயே நாள் முழுவதும் நிற்கிறது. இடத்தின் அளவைவிட அதன் தரமே பெரிது என்றும் ஹெடிகர் வற்புறுத்தினார். பரந்த வெறும் புல்வெளியைவிட, புதரும் மறைவும் உள்ள சிறிய நிலம் பல விலங்குகளுக்கு நிம்மதி தரும். பிளானட் ஜூவில் ஒரு தாவரத் தொகுதியை அடைப்பின் நடுவில் நட்டுவிட்டு விலங்கு அதன் பின்னால் போய்ப் படுப்பதைப் பார்க்கும்போது, நீங்கள் ஹெடிகரின் கருத்தைக் கையால் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

சரி, எப்படிப் பார்ப்பது? முதலில் மேலிருந்து பார்ப்பதை நிறுத்துங்கள். விளையாட்டு நம்மைப் பருந்தின் உயரத்தில் வைத்துப் பழக்கியிருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் எல்லா அடைப்பும் அழகுதான். கேமராவை இறக்கி, விலங்கின் கண் உயரத்துக்குக் கொண்டுவந்து, மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றுங்கள். எத்தனை திசையில் மனிதர்கள் தெரிகிறார்கள்? எந்தப் பாறையின் பின்னால் போனால் ஒருவர்கூடத் தெரிவதில்லை? நீங்கள் மறைவு என்று நம்பிக் கட்டிய குகையின் வாய் நேராகப் பாதையைப் பார்த்தபடி இருப்பது அப்போதுதான் தெரியும். மேலிருந்து அடர்ந்த காடாகத் தெரிந்தது கீழே வந்தால் தண்டுகள் மட்டுமே நிற்கும் தோப்பாக இருக்கும். உயரமான மரம் நிழல் தரும், ஆனால் மறைக்காது. மறைப்பவை புதர்களும் பெரிய இலைச்செடிகளும். அவற்றையும் இஷ்டத்துக்கு அடைக்க முடியாது. ஒவ்வொரு விலங்கும் இவ்வளவு செடிதான் வேண்டும் என்று ஓர் எல்லை வைத்திருக்கிறது. அதற்குரிய கண்டத்தையும் நிலவகையையும் சேர்ந்த செடியாகவும் இருக்க வேண்டும். கொஞ்சம் மண்மேடு, ஒரு பாறை, மூன்று புதர் என்று அளந்து அளந்து ஒரு மறைவை உருவாக்குவதில் உள்ள இன்பம், அருவி கட்டுவதில் எனக்குக் கிடைத்ததில்லை.

அடுத்து, ஒரே ஒரு விலங்கைத் தேர்ந்தெடுத்துத் தொடருங்கள். பணம், ஆராய்ச்சி, குப்பைத் தொட்டி எல்லாவற்றையும் மறந்துவிடுங்கள். அது எங்கே தூங்குகிறது, தண்ணீர் குடிக்க எந்த வழியாகப் போகிறது, கூட்டம் கூடியதும் எந்த மூலைக்கு நகர்கிறது என்று பாருங்கள். பிறகு ஒரு பக்கத்துப் பாதையை மட்டும் அழித்துவிட்டு மீண்டும் தொடருங்கள். நான்கு பக்கமும் திறந்த அடைப்பை ஒரு பக்கம் மட்டும் பார்க்கக்கூடியதாக மாற்றினால் விலங்குக்கு ஒரு முதுகுப்புறம் கிடைக்கிறது. மனிதர் வராத திசை என ஒன்று இருந்தாலே அதன் நடமாட்டம் மாறும். தொந்தரவு செய்யாதீர் என்ற பலகைகளும், விலங்குக்கு நம்மைக் காட்டாத ஒருவழிக் கண்ணாடியும் உண்டு. அவை பயன்படும். ஆனால் அவற்றை முதல் மருந்தாக எடுக்காதீர்கள். நிலத்தாலும் செடியாலும் தீர்க்கக்கூடியதைத் தீர்த்த பிறகு மிஞ்சுவதற்கு அவை போதும்.

நிதானமாக ரசிக்க ஒரு விலங்கைச் சொல்லச் சொன்னால் படைச்சிறுத்தையைச் சொல்வேன். தென்கிழக்கு ஆசியக் காடுகளின் மரவாசி. உடலெங்கும் மேகத் திட்டுகள், நீண்ட வால், கிளையில் தலைகீழாகக்கூட இறங்கவல்ல கால்கள். 2021இல் வந்த தென்கிழக்கு ஆசிய விலங்குத் தொகுப்பில் இது விளையாட்டுக்குள் நுழைந்தது. நிஜப் பூங்காக்களில் இது மிகவும் சிரமம் கொடுத்த இனம். ஆண் பெண்ணைக் கொன்றுவிடும் நிகழ்வுகளும், தன் வால் முடியைத் தானே பிடுங்கிக்கொள்ளும் பழக்கமும் பராமரிப்பாளர்களை வருத்தியிருக்கின்றன. வட அமெரிக்கப் பூங்காக்களில் இருந்த படைச்சிறுத்தைகளை ஆராய்ந்து நாட்யா வீலப்னோவ்ஸ்கியும் உடன் பணியாற்றியவர்களும் 2002இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஊசி குத்தி ரத்தம் எடுத்தால் அதுவே அழுத்தமாகிவிடும் அல்லவா? அதனால் மலத்தில் இருக்கும் அழுத்த ஹார்மோன்களின் எச்சத்தை அளந்தார்கள். மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்ட சிறுத்தைகளிடம் அளவு கூடுதலாக இருந்தது. பெரிய வேட்டை விலங்குகள் கண்ணில் படும்படி வைக்கப்பட்டவற்றிடமும் கூடுதல். அடைப்பு எவ்வளவு உயரமோ அவ்வளவு குறைவு. முக்கியப் பராமரிப்பாளர் கூடுதல் நேரம் செலவிட்ட இடங்களில் குறைவு. ஆனால் பராமரிப்பாளர்களின் எண்ணிக்கை கூடக் கூட அழுத்தமும் கூடியது. பழகிய ஒருவர் நெடுநேரம் இருப்பது நிம்மதி, பல பேர் மாறி மாறி வருவது கலவரம்.

இந்த ஆய்வை மனதில் வைத்துக்கொண்டு ஒரு படைச்சிறுத்தை அடைப்பு கட்டிப் பாருங்கள். புலி அடைப்புக்குப் பக்கத்தில் வைக்க மனம் வராது. புலி அங்கே இருப்பதை விளையாட்டின் கணக்கு பொருட்படுத்தாவிட்டாலும் உங்களுக்கு மனம் வராது. பரப்பை அகலமாக்குவதற்குப் பதில் கிளைகளை அடுக்கடுக்காக மேலே கொண்டுபோவீர்கள். பார்வையாளர் பாதை கீழே, படுக்கும் கிளை மேலே என்று அமைப்பீர்கள். தன்னைப் பார்ப்பவர்களைத் தான் குனிந்து பார்க்கும் இடத்தில் ஒரு பூனையை வைத்தால் அதன் தோரணையே வேறு. ஏறிச் செல்லக்கூடிய பரப்பை விளையாட்டு நிறம் தீட்டிக் காட்டும். அந்த நிறம் உச்சிக் கிளை வரை தொடர்ந்து போகிறதா என்று சரிபார்ப்பது அலுப்பான வேலைபோலத் தெரியும். சிறுத்தை முதல்முறை அங்கே ஏறும்போது அந்த அலுப்பு மறந்துபோகும்.

எல்லா அழுத்தமும் மனிதர்களால் வருவதில்லை. சிங்கக் கூட்டத்தில் பிறந்த ஆண் குட்டி வளர்ந்து பருவம் எய்தியதும் தந்தையோடு மோதுகிறது. காட்டிலும் இளம் ஆண் சிங்கங்கள் கூட்டத்தை விட்டு வெளியேறத்தான் செய்கின்றன. அடைப்பில் வெளியேற வழியில்லை, நீங்கள்தான் வழி விட வேண்டும். ஆகவே குட்டி பிறந்த மகிழ்ச்சியோடு கூடவே, அது வளர்ந்தால் எங்கே போகும் என்ற கேள்வியையும் எழுப்பிக்கொள்வது நல்லது. ஒவ்வோர் இனத்துக்கும் ஆண் பெண் விகிதமும் கூட்டத்தின் அளவும் வேறு வேறு. விளையாட்டுக்குள்ளேயே உள்ள ஜூபீடியா என்ற விலங்குக் குறிப்பேட்டில் இருக்கும் இந்த விவரங்களைத் தாவிச் செல்லாமல் படியுங்கள். விலங்கு வாங்கும் முன்பே படித்தால் பாதிப் பிரச்சினை வராது.

விளையாட்டு எங்கே உண்மையிலிருந்து விலகுகிறது என்று தெரிந்திருப்பதும் ரசனையின் ஒரு பகுதியே. ஒருவழிக் கண்ணாடியை எடுத்துக்கொள்ளுங்கள். பிளானட் ஜூவில் அது தவறாத மந்திரம். நிஜத்தில் அது வெளிச்ச வித்தியாசத்தால் வேலை செய்யும் பொருள். விலங்கின் பக்கம் வெளிச்சம் கூடுதலாகவும் நம் பக்கம் இருட்டாகவும் இருந்தால்தான் விலங்குக்கு நாம் தெரியமாட்டோம். மாலையில் வெளியே இருட்டி, நம் பக்கம் விளக்கு எரிந்தால் கதை தலைகீழ். ஒலியையும், கண்ணாடியைத் தட்டும் அதிர்வையும் அது முழுமையாகத் தடுப்பதில்லை.

இன்னொரு விலகல் என்னை அதிகம் சிந்திக்க வைக்கிறது. திரையில் அழுத்தம் இறங்கியதும் விலங்கு பழையபடி ஆகிவிடுகிறது. நிஜ விலங்குக்கு அப்படி அல்ல. நெடுங்காலம் நெருக்கடியில் வாழ்ந்த விலங்கு ஒரே தடத்தில் முன்னும் பின்னும் நடக்கும், தலையை ஆட்டிக்கொண்டே இருக்கும். நல்ல இடத்துக்கு மாற்றிய பிறகும் அந்தப் பழக்கம் தொடரக்கூடும். ராஸ் க்ளப், ஜார்ஜியா மேசன் இருவரும் 2003இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு, காட்டில் மிகப் பரந்த நிலப்பரப்பில் அலையும் ஊனுண்ணிகளே அடைப்பில் இந்தத் தட நடையை அதிகம் காட்டுகின்றன, அவற்றின் குட்டிகளே அதிகம் இறக்கின்றன என்று காட்டியது. பனிக்கரடி அதில் முக்கியமான எடுத்துக்காட்டு. இதைப் படித்தபின் விளையாட்டில் பனிக்கரடி வாங்கும் கை சற்றே தயங்கும். அந்தத் தயக்கம் நல்லது.

ஓய்வு நாள் என்று ஒன்றும் விளையாட்டில் இல்லை. கூட்டம் வந்துகொண்டே இருக்கும். வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா செவ்வாய்க்கிழமைகளில் மூடியிருக்கும் என்பதைத் தெரியாமல் போய்த் திரும்பியவர்கள் நம்மில் பலர் உண்டு. அப்படி மனித முகம் குறைந்த ஒரு நாள் விலங்குக்கு எவ்வளவு பெரிய வசதி என்பது, இந்த விளையாட்டில் ஒரு கூச்சமுள்ள விலங்கை வளர்த்தவர்களுக்கு உடனே புரியும். பூங்காவை மூடும் வசதி விளையாட்டிலும் இருக்கிறது. வருமானம் போகும் என்பதால் யாரும் தொடுவதில்லை. ஒருமுறை மூடிவிட்டு, வெறிச்சோடிய பாதைகளுக்கு அருகில் விலங்குகள் எப்படி நடந்துகொள்கின்றன என்று பார்ப்பதற்கு அந்த வருமானத்தை இழக்கலாம்.

மறைவுகளைக் கொடுத்துவிட்டீர்கள், இப்போது பார்வையாளர்கள் எதையும் காணோம் என்று முகம் சுளிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். புதரை வெட்ட வேண்டாம். விலங்குக்கு விருப்பமான ஒன்றைக் கண்ணாடிக்கு அருகே வையுங்கள். நிஜப் பூங்காக்கள் பார்வை மாடத்தை ஒட்டிச் சூடாக்கப்பட்ட பாறைகளை அமைக்கின்றன. குளிர்காலத்தில் சிங்கம் தானாகவே அங்கே வந்து படுக்கும். விளையாட்டில் வெப்பமூட்டி, விளையாட்டுப் பொருள், உணவு ஒளித்துவைக்கும் பெட்டி என எதையும் அப்படிப் பயன்படுத்தலாம். ஆனால் உணவு, தண்ணீர், நிழல் மூன்றையும் ஒருசேர அங்கே கொண்டுபோய்விடாதீர்கள். பிறகு அந்தக் கண்ணாடியருகே வருவது விலங்குக்கு விருப்பமாக இருக்காது, கட்டாயமாகிவிடும். தண்ணீரும் நிழலும் எப்போதும் பின்பக்கம், புதர்களுக்கு அந்தப் புறம் இருக்கட்டும்.