ஒரே விலை, மூன்று உடன்படிக்கைகள்

நிதியியல் பாடநூல்கள் மூன்று வகை ஆவணங்களை ஒரே தராசில் நிறுக்கின்றன. அத்தராசைச் சற்றே சோதித்துப் பார்ப்போம்.

முதிர்வுத் தேதியற்ற நிரந்தரக் கடன் பத்திரம் ஒன்று ஆண்டுக்கு 8 ரூபாய் வட்டி தருகிறது. வாங்குபவர் எதிர்பார்க்கும் வருவாய் 10 விழுக்காடு. எட்டைப் பத்து விழுக்காட்டால் வகுத்தால் விலை 80 ரூபாய். 8 ரூபாய் நிலையான ஈவு தரும் முன்னுரிமைப் பங்கையும், மீட்பில்லாதது என்று கொண்டால், இவ்வாறே கணக்கிடுகின்றனர். (நம் நாட்டின் 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி, உள்கட்டமைப்புத் திட்டங்கள் நீங்கலாக, அதனை 20 ஆண்டுகளுக்குள் மீட்டாக வேண்டும்.) சாதாரணப் பங்கின் அடுத்த ஈவு 4 ரூபாய், அது ஆண்டுதோறும் 5 விழுக்காடு வளரும் என்றால், பத்திலிருந்து ஐந்தைக் கழித்து வகுக்கின்றனர். அதுவும் 80 ரூபாயே!

விலை ஒன்றானதால் பொருளும் ஒன்றாகிவிடுமா? வளர்ச்சி 2 விழுக்காடாகக் குறைந்தால் சாதாரணப் பங்கு 50 ரூபாய்க்கு இறங்கிவிடும். 1936இல் தொடங்கிய ராஜபாளையம் மில்ஸின் பங்குதாரர், நூல் விற்று இலாபம் வந்தால்தான் ஈவு கேட்க முடியும். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாக் கடையில் கூட்டுச் சேர்ந்தவரின் நிலையும் அதுவே. அக்கடைக்கு வட்டிக்குக் கடன் கொடுத்தவரோ, பால் திரிந்த நாளுக்கும் வட்டி கேட்பார். இவ்வேறுபாடு சூத்திரத்தில் வெறும் கழித்தல் குறி; ஃபிக்ஹிலோ வணிகத்திற்கும் ரிபாவுக்கும் இடையிலான எல்லை. முளாரபாவில் ஒருவருக்கு மட்டும் குறிப்பிட்ட தொகையை உறுதி செய்தால் உடன்படிக்கையே கெட்டுவிடும். முதலையோ நிலையான இலாபத்தையோ உறுதி செய்யும் முன்னுரிமைப் பங்கு கூடாதென 1992இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் அகாதமி தீர்மானித்ததும் இதனாலேயே.

"கடன் பத்திரம் பாதுகாப்பானதாயிற்றே" என்பர் சிலர். 2020 மார்ச்சில் யெஸ் வங்கியின் 8,415 கோடி ரூபாய் நிரந்தரப் பத்திரங்கள் முற்றாகத் தள்ளுபடி செய்யப்பட்டன. பங்குதாரர்களின் பங்குகளோ அவ்வாறு அழிக்கப்படவில்லை. 2023 ஜனவரியில் மும்பை உயர் நீதிமன்றம் அத்தள்ளுபடியை இரத்துச் செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. இலாபத்தில் பங்கில்லாதவர் நட்டத்தை முதலில் சுமந்தார். நிரந்தரம் என்ற பெயரை நம்பி 80 எனக் கணித்தவர், பத்திரத்தின் நிபந்தனையைக் கணக்கில் சேர்க்கவில்லை.

சாதாரணப் பங்கு என்பதாலேயே எல்லாம் ஆகுமானவை என்று நாம் கூறவில்லை. நிறுவனத்தின் தொழிலும் கடன்சுமையும் தனியே ஆராயப்பட வேண்டியவை. ஆயினும் ஓய்வுக்காலச் சேமிப்பை ஏந்தி நிற்பவர் முதலில் கேட்க வேண்டியது "விலை என்ன?" என்பதன்று, "நான் கூட்டாளியா, கடன்காரனிடம் வட்டி வாங்குபவனா?" என்பதே. அதற்கு விடை கண்டபின் வகுத்தல் கணக்கைப் போடலாம்.