பெயரில்லாப் பொத்தான்கள்

உங்களிடமோ உங்கள் வீட்டாரிடமோ ஒரு திறன்பேசி இருந்தால், இக்கட்டுரையைப் படிக்குமுன் ஒரு சிறு சோதனையைச் செய்து பாருங்கள். அதன் அமைப்புகளில் 'அணுகல்தன்மை' என்றொரு பிரிவு இருக்கும். ஐபோனாயின் அதில் வாய்ஸ்ஓவர் என்றும், ஆண்ட்ராய்டு வகையாயின் டாக்பேக் என்றும் ஒரு வசதி காணப்படும். அதனை முடுக்கிவிடுங்கள். (அணைக்கும் வழியை முதலில் தெரிந்துகொள்வது நல்லது. இல்லையேல் ஓயாமல் பேசும் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு திண்டாட நேரிடும்!) இனி, திரையில் விரல் படும் இடத்தில் இருப்பதைக் கருவி வாய்விட்டுச் சொல்லும். ஒரு முறை தொட்டால் பெயரைச் சொல்லும். இரு முறை தட்டினால்தான் செயல் நடைபெறும். இப்போது கண்களை மூடிக்கொண்டு, நாள்தோறும் பயன்படுத்தும் செயலி ஒன்றில் வழக்கமான ஒரு வேலையைச் செய்து முடிக்க முயலுங்கள்.

சில செயலிகளில் 'அனுப்பு, பொத்தான்', 'திரும்பு, பொத்தான்' என்று தெளிவாகக் கேட்கும். வேறு சிலவற்றில் 'பொத்தான்', 'பொத்தான்', 'பொத்தான்' என்று மட்டுமே கேட்கும். அவற்றுள் எது பணம் அனுப்புவது, எது கணக்கையே அழித்துவிடுவது? கண்ணைத் திறந்தால் உங்களுக்கு விடை கிடைத்துவிடும். பார்வையற்ற ஒருவருக்கு அந்த வழி இல்லை.

இந்தப் பெயரில்லாப் பொத்தானுக்கு யார் பொறுப்பு? அதைச் செய்தவரா, அதை விற்கும் கடைக்காரரா? இக்கேள்வியை 2014ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அமெரிக்காவின் பார்வையற்றோர் தேசியக் கூட்டமைப்பு ஒரு தீர்மானமாகவே எழுப்பியது. பலருடைய சினத்துக்கு ஆளான அத்தீர்மானத்தைச் சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

முதலில் பொத்தானுக்குப் பெயர் இல்லாமற்போவது எவ்வாறு என்பதை அறிந்துகொள்ள வேண்டும். திரைவாசிப்பான் நம்மைப்போலத் திரையைப் பார்த்துப் படிப்பதில்லை. திரைக்குப் பின்னால் செயலி தன் உறுப்புகளைப் பற்றிய ஒரு பட்டியலை வைத்திருக்கிறது. இந்த இடத்தில் இருப்பது என்ன வகை உறுப்பு, அதன் பெயர் என்ன, அதன் இப்போதைய நிலை என்ன என்பன அதில் அடங்கும். திரைவாசிப்பான் அந்தப் பட்டியலைத்தான் படிக்கிறது. பொத்தானின்மேல் 'சேமி' என்று எழுத்தாலேயே எழுதியிருந்தால், பெரும்பாலும் அச்சொல் தானாகவே பட்டியலில் ஏறிவிடும். ஆனால் இக்காலச் செயலிகளில் எழுத்தைக் காண்பதே அரிது. எல்லாம் சின்னங்கள். குப்பைத்தொட்டியின் படம், இதயத்தின் படம், மூன்று கோடுகள், மூன்று புள்ளிகள். படத்துக்கு நிரலாளர் தம் கையால் ஒரு பெயரை எழுதிச் சேர்த்தால்தான் பட்டியலில் பெயர் இருக்கும். அவர் மறந்துவிட்டால், கருவி 'பொத்தான்' என்று சொல்லி நின்றுவிடும். சில வேளைகளில் படக்கோப்பின் பெயரையே எழுத்தெழுத்தாக ஒப்பிக்கும். அந்தப் பெயரை எழுதுவதற்கு வேண்டியது பெரும்பாலும் ஒரே ஒரு வரிதான். பணமோ அரிய தொழில்நுட்பமோ அதைத் தடுக்கவில்லை. நினைப்பு இல்லாமையே தடுக்கிறது.

தொடுதிரைக்கு முன்பு நிலைமை வேறாக இருந்தது. பொத்தான்கள் கொண்ட பழைய கைப்பேசிகளில் விரலால் தடவி எண்களைக் கண்டுகொள்ளலாம்; பேசும் மென்பொருளை விலைகொடுத்து வாங்கிச் சேர்த்துக்கொண்டவர்களும் உண்டு. 2007இல் ஐபோன் வந்தபோது எல்லாம் ஒரு வழவழப்பான கண்ணாடியாகிவிட்டது. தடவுவதற்கு ஒரு மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. பார்வையற்றோருக்குக் கைப்பேசி உலகமே அடைபட்டுவிடுமோ என்ற அச்சம் அப்போது எழுந்தது. 2009ஆம் ஆண்டு ஜூனில் வெளிவந்த ஐபோன் 3ஜிஎஸ்ஸில் ஆப்பிள் நிறுவனம் வாய்ஸ்ஓவரைச் சேர்த்தது. தனி விலை இல்லை. வாங்கும்போதே உள்ளே இருந்தது. அச்சமூட்டிய கண்ணாடி, பார்வையற்றோர் பலருக்கு அதுவரை கிட்டாத துணையாக மாறிற்று. கடிதம் படிக்க, வழி கேட்க, வங்கிக் கணக்கைப் பார்க்க, வேலை தேட என அனைத்துக்கும் அதுவே கருவியாயிற்று.

இந்த நன்மையைச் செய்த நிறுவனத்தையா கூட்டமைப்பு குறைகூறியது? இங்குதான் சிக்கல் தொடங்குகிறது.

பார்வையற்றோர் தேசியக் கூட்டமைப்பு 1940இல் பென்சில்வேனியாவில் தொடங்கப்பட்டது. இது பார்வையற்றோருக்காகப் பிறர் நடத்தும் அறநிலையம் அன்று. பார்வையற்றோரே கூடி நடத்துவது. கெஞ்சிக் கேட்கும் வழக்கம் அதற்கு இல்லை. டார்கெட் என்னும் பெரிய வணிக நிறுவனத்தின் இணையக்கடையைத் திரைவாசிப்பானால் பயன்படுத்த இயலவில்லை என்று 2006இல் வழக்கு நடத்தி, 2008இல் 60 இலட்சம் டாலர் இழப்பீட்டுக்கு உடன்பாடு கண்டது. அதே 2008இல், மாசசூசெட்ஸ் மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகத்தோடு சேர்ந்து, ஆப்பிளின் ஐட்யூன்ஸ் மென்பொருளைப் பார்வையற்றோர் பயன்படுத்தும்படி மாற்றச் செய்தது. 2009இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் பாடநூல்களுக்குக் கிண்டில் கருவியைக் கொண்டுவர முயன்றபோது, அக்கருவியின் பட்டியல்களைப் பார்வையற்ற மாணவர் கையாள முடியாது என்று வழக்குத் தொடுத்தது. ஆகவே ஆப்பிளின்மீது மட்டும் இவர்களுக்குத் தனிப் பகை என்ற பேச்சுக்கு இடமில்லை.

ஆப்பிளின் கடையில் விற்கும் செயலிகளைப் பற்றி 2011இலேயே இக்கூட்டமைப்பு ஒரு தீர்மானத்தில் தன் ஏமாற்றத்தைத் தெரிவித்திருந்தது. மூன்று ஆண்டுகள் கழிந்தன. கடையில் செயலிகளின் எண்ணிக்கை 12 இலட்சத்தை எட்டியதாக 2014 ஜூனில் ஆப்பிள் அறிவித்தது. அடுத்த திங்களில் ஆர்லாண்டோ நகரில் கூடிய மாநாடு மீண்டும் ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியது. இம்முறை ஏமாற்றத்தைச் சொல்வதோடு நிற்கவில்லை. ஆப்பிளே வழங்குபவை உட்பட எல்லாச் செயலிகளும் பார்வையற்றோர்க்குப் பயன்படும்படி இருக்க விதிகளையும் அளவுகோல்களையும் வகுத்து நடைமுறைப்படுத்த வேண்டும் என்றது. செயலி புதுப்பிக்கப்படும்போது அப்பயன்பாடு இழக்கப்படாதபடியும் பார்த்துக்கொள்ளச் சொன்னது.

பார்வையற்றோரிடமிருந்தே எதிர்ப்பு கிளம்பிற்று. நல்லது செய்தவனையே நெருக்குவது நன்றிகெட்ட செயல் என்றனர் சிலர். பார்வையற்றோருக்கான வசதிகளைச் செய்யும்போது இலாபக் கணக்குப் பார்ப்பதில்லை என்று அவ்வாண்டு பிப்ரவரியில் பங்குதாரர்களிடமே துணிந்து சொன்ன டிம் குக்கின் நிறுவனம் அல்லவா இது என்றனர். பிறர் எழுதிய செயலிக்குக் கடைக்காரர் எப்படிப் பொறுப்பாவார் என்று கேட்டனர் வேறு சிலர்.

முதல் வாதம் எனக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை. பொத்தானுக்குப் பெயர் இருப்பது அருளன்று. விலைகொடுத்து வாங்கியவர் எதிர்பார்க்க வேண்டிய சாதாரணச் சங்கதி. அந்தப் பொத்தானைக் கொண்டே அலுவலகத்தில் வருகைப் பதிவு செய்யவேண்டிய ஒருவர், நன்றியுணர்ச்சியை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? மேலும், 2008இல் வழக்கறிஞர் அலுவலகத்தின் துணையோடு உடன்பாடு. 2009இல் வாய்ஸ்ஓவர் உள்ள ஐபோன். ஒன்றின் விளைவே மற்றொன்று என்று நான் கூறவில்லை. ஆயினும் நல்லெண்ணம் மட்டுமே எல்லாவற்றையும் கொண்டுவந்தது என்று கொள்வதும் வரலாறாகாது.

இரண்டாம் வாதம் சற்று வலுவானது. ஆனால் அது ஆப்பிளின் கடை எப்படி நடக்கிறது என்பதை மறந்துவிடுகிறது. அது யாரும் வந்து கடைவிரிக்கும் சந்தைத் திடல் அன்று. ஒவ்வொரு செயலியும் அந்நிறுவனத்தாரின் ஆய்வுக்குப் பின்னரே உள்ளே விடப்படுகிறது. இயங்கும்போது நின்றுபோகும் செயலி திருப்பி அனுப்பப்படும். பயனரை ஏமாற்றும் செயலியும் அப்படியே. வாயிற்படியில் காவலரை நிறுத்தி இத்தனையையும் சோதிப்பவர், பெயரில்லாப் பொத்தானை மட்டும் தம் பொறுப்பன்று என்று சொல்வது எவ்வாறு பொருந்தும்? 2014இல் அந்தக் காரணத்துக்காகச் செயலியைத் திருப்பி அனுப்பும் விதி அங்கே இல்லை.

தீர்மானத்தின் மிக நல்ல பகுதி அதன் கடைசி வரிகளில் இருக்கிறது. புதுப்பித்தலைப் பற்றிய பகுதி அது. எதிர்த்தவர்களும் ஆதரித்தவர்களும் இதற்குப் போதிய கவனம் தரவில்லை என்பது என் கருத்து. பார்வையற்ற ஒருவர் ஒரு செயலியைக் கற்றுக்கொள்வது பார்வையுள்ளவர் கற்பதைப் போன்றதன்று. மேலிருந்து கீழாக எத்தனையாவது உறுப்பு எது, எங்கே விரலை வலப்புறம் தள்ளினால் எது வரும் என்பதை மனத்தில் வரைபடமாக வைத்துக்கொள்கிறார். பெயரில்லாப் பொத்தானுக்குத் தாமே பெயர்சூட்டும் வசதியும் வாய்ஸ்ஓவரில் உண்டு. ஒருநாள் இரவோடிரவாகச் செயலி புதுப்பிக்கப்படுகிறது. அழகுக்காகச் சின்னங்கள் மாற்றப்படுகின்றன. பழைய பெயர்கள் போய்விடுகின்றன. நேற்றுவரை தனியாகச் செய்த வேலைக்கு இன்று பக்கத்து மேசைக்காரரை அழைக்க வேண்டியிருக்கிறது. முதலிலேயே பயன்படாத செயலியையாவது வாங்காமல் விட்டுவிடலாம். நடுவில் கைவிடும் செயலியை நம்பி வேலையை ஏற்றுக்கொண்டவர் நிலை என்ன? புதுப்பித்த ஒவ்வொரு பதிப்பும் மீண்டும் அதே வாயிற்படியைக் கடந்துதான் வரவேண்டும் என்பதால், இதைத் தடுக்கும் வாய்ப்பு கடைக்காரருக்கே மிகுதி.

இனித் தீர்மானத்தின் குறையைச் சொல்ல வேண்டும். 'எல்லாச் செயலிகளும்' என்றது. எல்லாம் என்றால்? கார்ப்பந்தய விளையாட்டும், இரு நிறங்களை ஒப்பிடும் ஓவியச் செயலியுமா? பெயரில்லாத பொத்தான் உண்டா என்பதை இயந்திரமே சோதித்துவிடும். ஆனால் பெயர் சரியானதா என்பதை அதனால் முற்றிலும் சொல்ல முடியாது. சோதனையில் தேறுவதற்காகவே நிரலாளர் ஒருவர் எல்லாச் சின்னங்களுக்கும் 'படம்' என்று பெயர் எழுதிவிட்டால் இயந்திரம் அதை ஏற்றுக்கொள்ளும். பயனருக்கு ஒரு பயனும் இராது. அளவுகோல் வேண்டும் என்று கேட்டவர்கள், எதை அளப்பது என்பதைச் சொல்லவில்லை. எதிர்த்தவர்கள் பிடித்துக்கொள்ள இது ஒரு கொழுகொம்பாயிற்று.

அதன் பின் நிகழ்ந்தவை சுவையானவை. 2020இல் ஐஓஎஸ் 14இல் ஆப்பிள் ஒரு புது வசதியைச் சேர்த்தது. பட்டியலில் இல்லாத உறுப்புகளைத் திரையின் படத்தைக் கொண்டே இயந்திரம் ஊகித்துச் சொல்லும். இதற்காக 4,000க்கு மேற்பட்ட செயலிகளிலிருந்து 77,000க்கு மேற்பட்ட திரைகளைத் திரட்டியதாக அந்நிறுவன ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வுரை கூறுகிறது. அத்திரைகளில் பாதிக்கு மேற்பட்டவற்றில், திரைவாசிப்பானுக்குத் தென்படாத உறுப்பு ஏதேனும் இருந்ததாம்! கூட்டமைப்பின் புகாருக்கு இதைவிட நல்ல சான்று தேவையா? கடைக்காரரே எண்ணிப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். ஊகிக்கும் இயந்திரம் உதவியானதே. அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் குப்பைத்தொட்டி போலத் தெரிகிறது என்று அது சொல்வதற்கும், 'இக்கடிதத்தை அழி' என்று எழுதியவரே சொல்வதற்கும் வேறுபாடு உண்டு. வங்கிச் செயலியில் ஊகத்தை நம்பி யார் பணம் அனுப்புவார்?

2025ஆம் ஆண்டு மேத் திங்களில், தின்பண்ட உறையில் சத்துக்களின் அளவு அச்சிடப்படுவதைப்போலச் செயலிகளின் கடைப் பக்கத்திலும் அணுகல்தன்மைக் குறிப்பு இடம்பெறும் என்று ஆப்பிள் அறிவித்தது. வாய்ஸ்ஓவரோடு இயங்குமா, எழுத்தைப் பெரிதாக்க முடியுமா என்பன போன்றவற்றை, பதிவிறக்கும் முன்பே அறியலாம். இதில் நான் மிகவும் மெச்சுவது அதன் அளவுகோலை. ஒவ்வொரு பொத்தானுக்கும் பெயர் உண்டா என்று மட்டும் அது கேட்கவில்லை. அச்செயலியின் வழக்கமான வேலைகளை ஒருவர் திரைவாசிப்பானின் துணையாலேயே முழுதும் செய்து முடிக்க முடிகிறதா என்று கேட்கிறது. கட்டுரையின் தொடக்கத்தில் உங்களைச் செய்யச் சொன்ன சோதனையும் ஏறத்தாழ இதுவே. 2014இன் தீர்மானத்தில் இல்லாமற்போன அளவுகோல் இது.

ஆனால் குறிப்பை நிரப்புபவர் செயலியைச் செய்தவரே. தொடக்கத்தில் அது அவரவர் விருப்பமே என்றும், காலப்போக்கில் கட்டாயமாகும் என்றும் சொல்லப்பட்டது. 'வாய்ஸ்ஓவரோடு இயங்கும்' என்று எழுதியவர், அடுத்த பதிப்பில் சின்னங்களை மாற்றியபின் மீண்டும் கண்ணை மூடிக்கொண்டு சோதித்தாரா என்பதைப் பயனர் எங்கிருந்து அறிவார்? தீர்மானத்தின் கடைசி வரிகள் கேட்டது இதைத்தான்.