எல்லாக் கட்டத்திலும் டிக்: கப்பல் பிரிட்ஜின் அவசரகாலப் பட்டியல்கள்

கப்பலைச் செலுத்தும் மேல்தள அறையைக் கடலோடிகள் பிரிட்ஜ் என்பார்கள். எந்தச் சரக்குக் கப்பலின் பிரிட்ஜுக்குப் போனாலும் கைக்கெட்டும் இடத்தில் ஒரு கோப்பு இருக்கும். சுக்கான் செயலிழந்தால், இன்ஜின் நின்றால், தரைதட்டினால், தீப்பிடித்தால், ஆள் கடலில் விழுந்தால் என்று ஒவ்வோர் ஆபத்துக்கும் ஒரு தாள். தாளில் வரிசையாக வேலைகள். பக்கத்தில் டிக் அடிக்கச் சிறு கட்டம். இந்தச் செக்லிஸ்ட்டும் அதையொட்டி நடக்கும் ஒத்திகையும்தான் கப்பல்துறையின் அவசரகால ஏற்பாட்டுக்கு முதுகெலும்பு. இந்த முறை எதைச் சாதிக்கிறது, எங்கே கைவிடுகிறது என்பதைப் பார்ப்போம்.

இது அலுவலகத்துக் காகித மோகத்தில் பிறந்ததல்ல. 1987 மார்ச் 6 அன்று பெல்ஜியத்தின் சீப்ரூக் துறைமுகத்திலிருந்து 'ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ்' என்ற பயணிகள் கப்பல் முன்பக்கக் கதவு திறந்தபடியே கிளம்பியது. கதவை மூட வேண்டியவர் அறையில் தூங்கிக்கொண்டிருந்தார். மூடியாயிற்றா என்று கேப்டனுக்குக் காட்டப் பிரிட்ஜில் ஒரு விளக்குகூடக் கிடையாது. புகார் வராததால் எல்லாம் சரி என்று அவர் எடுத்துக்கொண்டார். கப்பல் சில நிமிடங்களில் கவிழ்ந்து 193 பேர் இறந்தார்கள். இத்தகைய விபத்துகளுக்குப் பிறகு சர்வதேசக் கடல்சார் அமைப்பு 1993-இல் ஐஎஸ்எம் என்ற பாதுகாப்பு மேலாண்மை விதித்தொகுப்பை ஏற்றது. 1998 ஜூலையிலிருந்து அது படிப்படியாகக் கட்டாயமானது. தன் கப்பலில் என்னென்ன ஆபத்து நேரலாம் என்று ஒவ்வொரு கம்பெனியும் முன்கூட்டியே யோசித்து, எழுதிவைத்து, ஒத்திகை பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். "சொல்லாவிட்டால் சரி" என்ற பழைய வழக்கத்தை அது ஒழித்தது.

பட்டியலின் பலம் நெருங்கிப் பார்த்தால் தெரியும். நள்ளிரவு வாட்சில் (பணிமுறையில்) பெரும்பாலும் ஓர் அதிகாரியும், காவல் பார்க்கும் ஒரு மாலுமியும்தான் இருப்பார்கள். சுக்கான் சக்கரத்தைத் திருப்பினால், சுக்கானின் கோணம் காட்டும் முள் நகரவில்லை என்று வைத்துக்கொள்வோம். இன்னொரு சுக்கான் பம்பை ஓட்ட வேண்டும். கேப்டனை எழுப்ப வேண்டும், இன்ஜின் ரூமுக்குச் சொல்ல வேண்டும். வேகத்தைக் குறைக்க வேண்டும். கப்பல் கட்டுப்பாட்டில் இல்லை என்று காட்டும் இரண்டு சிவப்பு விளக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக எரியவிட வேண்டும். பக்கத்துக் கப்பல்களை விஎச்எஃப் ரேடியோவில் எச்சரிக்க வேண்டும். ஆழம் குறைவென்றால் நங்கூரத்தைத் தயாராக்க ஆள் அனுப்ப வேண்டும். தனித்தனியே எல்லாம் சின்ன வேலைகள். பதற்றத்தில் மறந்துபோவதும் இவைதான். சிவப்பு விளக்கு எரியாமல் போனால் எதிரே வருகிறவன் வழிவிட மாட்டான். பத்து வருட அனுபவசாலியும் நேற்று ஏறிய இளம் அதிகாரியும் ஒரே வரிசையில் வேலை செய்ய வைப்பது பட்டியலின் பெரிய கொடை.

அதன் எல்லையை 2024 மார்ச் 26 காட்டியது. பால்டிமோரிலிருந்து கொழும்புக்குக் கிளம்பிய 'டாலி' சரக்குக் கப்பலில், பிரான்சிஸ் ஸ்காட் கீ பாலத்துக்குச் சுமார் ஒரு கிலோமீட்டர் முன்பாக, அதிகாலை 1.25 மணிக்கு மின்சாரம் போனது. கப்பலின் நீளம் 300 மீட்டர். மோத நான்கு நிமிடம் இருந்தது. அந்த நேரத்துக்குள் கப்பலுக்கு வழிகாட்டும் துறைமுகப் பைலட் சுக்கானை இடப்பக்கம் திருப்பச் சொன்னார், நங்கூரத்தை இறக்க உத்தரவிட்டார், பாலத்தை மூடச் சொல்லிச் செய்தி அனுப்பினார். போலீசார் இருபுறமும் வண்டிகளை நிறுத்தினார்கள். பல உயிர்கள் தப்பின. பாலத்தின்மேல் சாலைப் பணியில் இருந்தவர்களுக்கு மட்டும் எச்சரிக்கை நேரத்துக்குப் போய்ச்சேரவில்லை. ஆறு பேர் இறந்தார்கள். கோப்பைப் புரட்ட அங்கே யாருக்கும் நேரமில்லை. உதவியது மனத்திலும் கையிலும் ஊறிப்போன பழக்கம். குறுகலான நீர்வழியில், பழக்கமாக மாறாத பட்டியல் வெறும் தாள்.

இன்னொரு குறையையும் அதே விபத்தில் பார்க்கலாம். பட்டியல்கள் ஒரு நேரத்தில் ஒரு கோளாறுதான் வரும் என்ற கணக்கில் எழுதப்பட்டவை. டாலியில் மின்சாரம் போனதும் இன்ஜினைக் குளிர்விக்கும் நீர்ப் பம்பு நின்றது. அதனால் மெயின் இன்ஜின் தானாக நின்றது. புரொபெல்லர் தள்ளும் நீரோட்டம் இல்லாததால் சுக்கானின் வலு குறைந்தது. கப்பல் முகப்பைத் திருப்ப உதவும் திரஸ்டருக்கும் மின்சாரம் இல்லை. ஊழியர்கள் மின்சாரத்தை மீட்ட கொஞ்ச நேரத்தில் மறுபடியும் போனது. ஜெனரேட்டர்களுக்கு எரிபொருள் தந்துகொண்டிருந்தது வேறு வேலைக்கான ஒரு பம்பு. மின்சாரம் திரும்பினால் அது தானாக ஓடத் தொடங்காது. முதல் மின்தடைக்குக் காரணம், பெயர்ச்சீட்டு தடுத்ததால் இணைப்பில் சரியாக உட்காராத ஒரே ஒரு ஒயர் என்று அமெரிக்க விசாரணை வாரியம் 2025 நவம்பரில் அறிவித்தது. இந்தச் சங்கிலிக்கு எந்தத் தாளை எடுப்பது? மின்தடைத் தாளா, இன்ஜின் தாளா, சுக்கான் தாளா?

இதைவிட ஆழமான குறை வேறு. என்ன நடந்தது என்று தெரிந்த பிறகுதான் பட்டியல் பேசத் தொடங்கும். 1995 ஜூனில் பெர்முடாவிலிருந்து பாஸ்டனுக்குப் போன 'ராயல் மெஜஸ்டி' கப்பலில், கிளம்பிய ஒரு மணி நேரத்துக்குள் ஜிபிஎஸ் ஆன்டெனாவின் கேபிள் கழன்றது. கருவி செயற்கைக்கோளை விட்டுவிட்டு, வேகத்தையும் திசையையும் வைத்து இடத்தை உத்தேசமாகக் கணக்கிட்டது. திரையில் சில சிறு எழுத்துகள் மட்டும் தோன்றின. எச்சரிக்கை ஒலி ஒரு நொடி கேட்டு அடங்கியது. ஆட்டோபைலட் அந்தத் தவறான கணக்கையே நம்பி ஓட்டியது. மாறிமாறி வாட்ச் பார்த்த அதிகாரிகள் சுமார் 34 மணி நேரம் அதைக் கவனிக்கவில்லை. வேறு கருவியோடு ஒப்பிட்டுப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். வழியில் தெரிய வேண்டிய மிதவையைக் காணாத அதிகாரி, கண்டதாகவே கேப்டனிடம் சொன்னார். கடைசியில் 17 மைல் விலகி நான்டக்கெட் தீவருகே மணல்திட்டில் கப்பல் ஏறியது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. ஜிபிஎஸ் பழுதானால் என்ன செய்வது என்று நூறு பக்கம் எழுதியிருந்தாலும் அன்று பயன்பட்டிருக்காது. பழுது என்றே எவருக்கும் தெரியாதபோது யார் கோப்பைத் திறப்பது?

எச்சரிக்கை ஒலிகளைக் கூட்டினால் போதாதா என்று கேட்கலாம். ஒரே நேரத்தில் பத்துக் கருவிகள் கத்தினால் மனிதன் முதலில் செய்வது ஒலியை அணைப்பதுதான். எச்சரிக்கைகளை முக்கியத்துவப்படி தரம்பிரிக்கும் நெறிகளைக் கடல்சார் அமைப்பு 2010-இல் கொண்டுவந்ததன் பின்னணி இதுவே.

ஒத்திகையின் நிலைக்கு வருவோம். கிளம்புமுன் 12 மணி நேரத்துக்குள் சுக்கானைச் சோதிக்க வேண்டும்; மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது அவசரச் சுக்கான் ஒத்திகை நடத்த வேண்டும் என்பது சர்வதேச விதி. நடக்கிறது. பெரும்பாலும் முன்கூட்டியே அறிவித்து, பகல் வெளிச்சத்தில், அமைதியான கடலில். எது பழுதாகப் போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். கையெழுத்து விழும், ஆய்வாளர் வந்தால் காட்டத் தாள் தயார். இதற்குக் கேப்டனை மட்டும் குறைசொல்வது நியாயமல்ல. சுமார் 20 பேரைக் கொண்டு ஓடும் கப்பலில் 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேர ஓய்வு தர வேண்டும் என்பதும் சட்டம்தான். நள்ளிரவில் மணியடித்து ஒத்திகை வைத்தால் அந்த ஓய்வு கெடும். ஆள் எண்ணிக்கையைத் தீர்மானிப்பதோ கரையில் இருக்கும் அலுவலகம்.

ஆகவே பட்டியலைத் தூக்கிப் போடச் சொல்வது அறிவீனம். மாற வேண்டியது அதன் இடம். முதல் ஒரு நிமிடத்துக்குரிய மூன்று நான்கு செயல்களை மனப்பாடமாக்கி, பிறகு தாளைக் கொண்டு விடுபட்டதைச் சரிபார்ப்பது விமான ஓட்டிகளின் நடைமுறை. பிரிட்ஜுக்கும் அதுவே பொருந்தும். ஒத்திகையில் எது பழுதென்று சொல்லக் கூடாது. பரந்த கடலில், கேப்டனின் கண்காணிப்பில், வழக்கமான வாட்ச் நேரத்திலேயே ஒரு ஜிபிஎஸ் இணைப்பைத் துண்டித்துவிட்டு, வாட்ச் அதிகாரி எத்தனை நிமிடத்தில் கண்டுபிடிக்கிறார் என்று பார்க்கலாம். யாருடைய தூக்கமும் கெடாது, செலவும் இல்லை. அந்த நிமிடக் கணக்கைப் பதிவேட்டில் எழுத வேண்டும். கம்பெனிகளும் ஆய்வாளர்களும் கேட்டுப் பார்க்க வேண்டியது அந்த எண்ணைத்தான். எல்லாக் கட்டத்திலும் டிக் விழுந்த தாள், ஒத்திகை நடந்தது என்பதற்கு மட்டுமே சாட்சி.