ஆரவாரத்தின் நடுவே ஒரு மெல்லிய சாரீரம்

உரத்த வாத்தியங்களோடு சேர்ந்து பாடுகிறவன் தன் குரலையும் அவற்றுக்கு ஈடாக உயர்த்தியே தீர வேண்டும் என்ற ராக் சங்கீத சம்பிரதாயத்தைப் பொருட்படுத்தாமல், தணிந்த குரலிலேயே இங்கிலாந்தை வசப்படுத்திய குழு டி. ரெக்ஸ். அக்குழுவின் பாணியான 'கிளாம் ராக்' என்றதும் சாட்டின் சட்டையும், குதிகால் உயர்ந்த பாதரட்சைகளும், கன்னத்து மினுமினுப்பும் மனக்கண்ணில் தோன்றுவது இயல்பே. ஆயினும் அந்த அலங்காரங்களையெல்லாம் கண்டு களித்த பிறகு, கண்ணை மூடிக் கேட்கிறவருக்கே அக்குழுவின் பாடகர் மார்க் போலனுடைய கலையின் அந்தரங்கம் புலப்படும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

லண்டனின் ஹாக்னி பகுதியில் 1947-இல் பிறந்த போலன், 1967-இல் ஸ்டீவ் பெரகிரின் டுக்குடன் 'டிரனோசாரஸ் ரெக்ஸ்' என்ற பெயரில் பாடத் தொடங்கியபோது, ஒரு கிதாரும் பாங்கோ மேளமுமே பிரதான வாத்தியங்கள். தரைவிரிப்பில் சம்மணமிட்டு அமர்ந்து, மாயாவிகளும் விசித்திரப் பிராணிகளும் உலவும் கற்பனை லோகங்களை, பக்கத்தில் இருப்பவரிடம் ரகசியம் சொல்வதுபோல் அவர் பாடினார். பின்னர் டுக்கின் ஸ்தானத்தில் மிக்கி ஃபின் வந்தார். 1970-இல் பெயர் 'டி. ரெக்ஸ்' எனச் சுருங்கியது. மின்சாரக் கிதார் முழங்கியது. மறு ஆண்டு 'ஹாட் லவ்' பாடல் ஆறு வாரம் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலின் சிகரத்தில் இருந்தது. அதைப் பாடத் தொலைக்காட்சியில் தோன்றியபோது போலன் கண்ணுக்குக் கீழே பூசியிருந்த மினுமினுப்பே கிளாம் யுகத்தின் உதயம் என்பர்.

அதே 1971-இல் வெளிவந்த 'எலெக்ட்ரிக் வாரியர்' தொகுப்பில்தான் தணிந்த குரலின் இக்கலை பரிபூரணமாகக் கனிந்தது. 'கெட் இட் ஆன்' பாடலில் சில ஸ்வரங்களே கொண்ட கிதார் இசைத்தொடர் திரும்பத் திரும்ப வருகிறது. பில் லெஜண்டின் மேளம் பதறாமல் நடக்கிறது. ரிக் வேக்மனின் பியானோ இடையிடையே வழுக்கி ஓடுகிறது. ஹோவர்ட் கேலன், மார்க் வால்மன் இருவரின் பின்னணிக் குரல்கள் உச்ச ஸ்தாயியில் எழுகின்றன. இத்தனைக்கும் நடுவே, சற்றே நடுங்கும் அந்தச் சாரீரம் எவரோடும் போட்டியிடாமல், மூச்சின் ஒலியும் கேட்கும்படி நம் செவியருகே நிற்கிறது. 'காஸ்மிக் டான்சர்' பாடலிலோ, தயாரிப்பாளர் டோனி விஸ்கோன்டி அமைத்த தந்தி வாத்தியங்கள் கடலலைபோல் பொங்கினாலும், பாட்டு ஒருவரின் தனிமொழியாகவே இருக்கிறது.

1972 மார்ச் 18 அன்று வெம்ப்ளியில் ரிங்கோ ஸ்டார் படம்பிடித்த கச்சேரியைக் காண்கிறவர், பெண்களின் கூச்சல் அரங்கை அதிரச் செய்யும் வேளையில் போலன் மரக்கிதாரோடு மேடையில் சம்மணமிட்டு அமர்வதைக் காணலாம். பழைய தரைவிரிப்பை அவர் மனத்தளவில் விட்டு எழுந்ததே இல்லை.

பிற்காலத்தில் பின்னணிக் குரல்கள் பெருகிப் பாட்டின் நாதம் கனத்தபோது அந்த அந்நியோன்யம் குறைந்தது, புகழும் குறைந்தது. 1977-இல் 'டாண்டி இன் தி அண்டர்வேர்ல்ட்' தொகுப்பு வந்தபோது அந்த அந்நியோன்யம் திரும்பியது. அவ்வாண்டு செப்டம்பர் 16 அன்று, முப்பது வயது நிறைய இரண்டு வாரம் இருக்கையில், லண்டனின் பார்ன்ஸ் பகுதியில் அவர் சென்ற கார் விபத்துக்குள்ளாகி மரத்தில் மோதியது, போலன் மாண்டார். ரசிகர்கள் அவ்விடத்தில் மலர் வைத்து வருகிறார்கள். ஒரு பெருங்கூட்டத்துக்குப் பாடியவருக்குச் செலுத்தும் மரியாதை மட்டுமாக அது எனக்குத் தோன்றவில்லை. தனக்கென்று ஒரு ரகசியத்தைச் சொன்னவருக்கு, ஒவ்வொருவரும் தனித்தனியே செலுத்தும் நன்றி அது.