நாற்பதில் சூல்: நகையும் நாணும்

மணமாகி ஓராண்டு நிறையாத பெண்ணைக் கண்டால், "வீட்டில் ஏதும் விசேஷம் உண்டா?" என்று கேட்பது நம்மவர் வழக்கம். கருவுற்றிருத்தலை வெளிப்படையாகக் கூறாது மங்கலமாகக் குறிப்பிடும் நல்வழக்கு இது. இதே வினாவை நாற்பத்து மூன்று வயதுப் பெண்ணிடம் எவரும் கேட்பதில்லை. கேட்பின் அது கேலியாகிவிடும். ஒரு வயதில் வாழ்த்தாக நின்ற சொல் மற்றொரு வயதில் எள்ளலாக மாறுவது ஏன்? இம்மாற்றத்தில் நம் இலக்கியத்திற்கும் பங்குண்டா? இவ்விரு வினாக்களையும் ஈண்டு ஆராய்வோம்.

இவ்வினாக்களை அண்மைக் காலத்தில் பொதுமக்கள் முன் கொண்டுவந்து நிறுத்தியது ஒரு திரைப்படம். 2022ஆம் ஆண்டு சூன் திங்களில் வெளிவந்த 'வீட்ல விசேஷம்' என்பது அதன் பெயர். ஆர். ஜே. பாலாஜியும் என். ஜே. சரவணனும் இயக்கிய அப்படம், 2018இல் வெளிவந்த 'பதாய் ஹோ' என்னும் இந்திப் படத்தின் தமிழாக்கம். வளர்ந்த இரு மைந்தரைப் பெற்ற தாய், மூத்த மகன் தன் திருமணத்தைப் பற்றி எண்ணிக் கொண்டிருக்கும் காலத்தில், தானே மீண்டும் கருவுறுகிறாள். தாயாக ஊர்வசியும் தந்தையாகச் சத்யராஜும் பாட்டியாக கே. பி. ஏ. சி. லலிதாவும் நடித்துள்ளனர். பெயரைப் பேச்சு வழக்கிலேயே விட்டுவிட்டனரே என்று தமிழன்பர் வருந்தலாம். ஆயினும் பெயர் பொருத்தமானதே. புதுமணப் பெண்ணுக்குரிய சொல்லை நரை தோன்றிய தாய்க்கு உரியதாக்கியதில்தான் அக்கதையின் முரண் முழுவதும் அடங்கியிருக்கிறது.

நகையின் நிலைக்களன்

படம் நகைச்சுவைப் படம். ஆதலின் நகை என்பது யாது என்பதை முதலில் நோக்குதல் வேண்டும். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையை முதற்கண் வைத்தார். அது தோன்றுதற்கு நான்கு நிலைக்களன்களை வகுத்து, அவற்றுள் எள்ளலை முதலாவதாகக் கூறினார். அதற்கு உரை வகுத்த பேராசிரியர், எள்ளலினால் வரும் நகையை இரண்டாகப் பிரித்துக் காட்டுகிறார். ஒருவர் பிறரை இகழ்ந்து சிரிப்பது ஒன்று. பிறர் தம்மை இகழ்ந்தவிடத்துத் தாமே சிரிப்பது மற்றொன்று.

இப்பாகுபாடு நமக்குச் சிறந்ததோர் அளவுகோலாகும். காலந்தாழ்ந்து சூலுற்ற பெண்ணைப் பற்றிய எந்தக் கதையை எடுத்துக்கொண்டாலும், அதில் சிரிப்பவர் யார் என்று கேட்டால் போதும். அவள் சிரிக்கிறாளா? அவளைக் கண்டு பிறர் சிரிக்கின்றனரா? கதையின் நெஞ்சம் எங்கே இருக்கிறது என்பது புலனாகிவிடும்.

தலைச்சூலின் பெருமை

சங்கப் புலவர் சூலுற்ற மகளிரைக் கூர்ந்து நோக்கியவர்கள். குறுந்தொகையின் 287ஆம் பாட்டில் கச்சிப்பேட்டு நன்னாகையார், நீர் சுமந்து வானில் ஏறமாட்டாது தளரும் மேகத்திற்கு, நிறைசூலால் நடை தளர்ந்து பசும்புளியை விரும்பும் மகளிரை உவமை ஆக்கினார். பெண்பாற் புலவர் ஒருவரே உணர்ந்து கூறக்கூடிய உவமை அது. ஆயினும், அங்கு வரும் கடுஞ்சூல் என்பதற்குத் தலைச்சூல் என்றே உரைகாரர் பொருள் கொள்வர்.

நற்றிணை 370ஆம் பாட்டு இன்னும் நுட்பமானது. மகனைப் பெற்று, நெய்யும் வெண்சிறுகடுகும் அணிந்து படுத்திருக்கும் மனைவியை அணுகுகிறான் தலைவன். மகனைப் பெற்றதால் வேறு பெயர் பெற்று முதுபெண்டு ஆகிவிட்டாயோ என்று விளையாட்டாகக் கேட்கிறான். அவளோ அரும்பு போன்ற முறுவலைக் காட்டிக் கண்களைக் கையால் மூடிக் கொள்கிறாள். இங்கே நகையும் நாணும் ஒருங்கே தோன்றுகின்றன. இரண்டும் அவளுடையவை. இகழ்ச்சியின் நிழலும் அங்கு இல்லை.

முதுபெண்டு என்னும் சொல்லை நோக்குக. இளம்பெண் ஒருத்தி முதற்பிள்ளை பெற்றதும் மூத்தவளாகிறாள். அது அவளுக்குச் சிறப்பு. ஆனால் மெய்யாகவே மூத்தவளான ஒருத்தி பிள்ளை பெற்றால் அவளுக்கு என்ன பெயர்? நாம் அறிந்த பாட்டுகளில் விடை கிடைப்பதில்லை. மொழியிலும் அப்படியே. தலைப்பிள்ளைக்குத் தலைச்சன் என்றும் கடைசிப் பிள்ளைக்குக் கடைக்குட்டி என்றும் பெயர் வைத்தோம். கடைக்குட்டியைச் சுமந்தவளுக்கோ பெயர் வைத்தோமில்லை. வளைகாப்பும் முதற்சூலுக்கே செய்யப்படுகிறது. நாற்பதில் நான்காவது பிள்ளையைச் சுமப்பவளுக்கு வளையல் அடுக்குவார் இலர்.

தந்தையின் ஆண்டுக் கணக்கு

காப்பிய உலகில் காலந்தாழ்ந்து பிறந்த மக்கள் உண்டு. கம்பர் காட்டும் தயரதன் அறுபதினாயிரம் ஆண்டு அரசாண்டும் மகப்பேறு இன்றி வருந்தியவன். வேள்வியின் பயனாகத் தேவியர் மூவரும் கருவுறுகின்றனர். வயாவினால் அவர்கள் துன்புற்றபோது, முகம் மட்டுமின்றி மேனி முழுவதும் திங்களைப் போல் வெளுத்தது என்று கம்பர் பாடுகிறார். ஒரு பாட்டில் அமைந்த அவ்வருணனை அழகியதே. ஆயினும், தந்தையின் ஆண்டுகள் எண்ணிக் கூறப்பட்டது போலக் கோசலையின் ஆண்டுகள் எண்ணப்படவில்லை. காத்திருந்த துன்பம் அரசனுடையதாகவே பேசப்படுகிறது.

சேக்கிழார் பெரியபுராணத்தில் கோச்செங்கட் சோழரின் தாய் கமலவதியைக் காட்டுகிறார். பிள்ளைப்பேறின்றி வருந்தித் தில்லையில் வேண்டிக் கருவுற்றவள் அவள். பிள்ளை ஒரு நாழிகை கழித்துப் பிறந்தால் மூவுலகும் ஆளும் எனக் கணிதர் கூற, தன் கால்களைக் கட்டித் தலைகீழாகத் தூக்குமாறு கட்டளையிடுகிறாள். தாமதித்துப் பிறந்த குழந்தையின் சிவந்த கண்களைக் கண்டு, அன்போடு பெயர் சொல்லி அழைத்து, உயிர் விடுகிறாள். அத்தாயின் வயது கூறப்படவில்லை. அவளுடைய அச்சமும் கூறப்படவில்லை. தியாகம் மட்டுமே கூறப்படுகிறது. நெடுநாள் காத்துப் பெறும் பிள்ளை வரத்தால் வருவது. தாய் அவ்வரத்தின் கலம். இதுவே நம் பழங்கதைகளின் போக்கு.

எள்ளலுக்கு இங்கே இடமில்லை என்பது உண்மை. ஆனால் பெண்ணின் உடலுக்கும் இங்கே மிகுந்த இடமில்லை. வரம் என்று சொல்லிவிட்டால், நாற்பதைக் கடந்த மேனி படும் பாட்டைக் கேட்க வேண்டியதில்லை அன்றோ?

சாராளின் சிரிப்பு

நம்மிடையே வாழும் கிறித்தவரும் இசுலாமியரும் ஒருங்கே அறிந்த ஒரு கதையை ஈண்டு ஒப்பிடுதல் பயன் தரும். விவிலியத்தின் ஆதியாகமத்தில் ஆபிரகாமுக்கு நூறு வயது என்று கூறும் இடத்திலேயே சாராளுக்குத் தொண்ணூறு வயது என்றும் கூறப்படுகிறது. பெண்களுக்கு மாதந்தோறும் வருவது அவளுக்கு நின்றுவிட்டது என்பதும் மறைக்கப்படவில்லை. பிள்ளை பிறக்கும் என்ற செய்தியைக் கேட்டு அவள் தன்னுள்ளே நகைக்கிறாள். பிள்ளை பிறந்தபின், கேட்போரும் தன்னுடன் நகைப்பர் என்று மகிழ்கிறாள். மகனுக்கு இட்ட ஈசாக்கு என்ற பெயரும் நகைப்பையே குறிப்பது. திருக்குர்ஆனிலும் அம்மூதாட்டி நகைத்ததும், கிழவியாகிய எனக்கோ மகப்பேறு என்று வியந்ததும் கூறப்பட்டுள்ளன.

அக்கதையும் வரத்தின் கதையே. ஆயினும் அவள் வயது அங்கே எண்ணப்படுகிறது. அவள் உடலின் நிலை சொல்லப்படுகிறது. ஐயமும் வியப்பும் மகிழ்ச்சியும் அவள் வாயிலாகவே வெளிப்படுகின்றன. எல்லாவற்றிற்கும் மேலாக, சிரிக்கும் உரிமை அவளுக்குக் கிடைத்திருக்கிறது.

திரையில் நடப்பது

இவ்வளவுகோலை இனித் திரைப்படத்திற்குப் பொருத்துவோம். படத்தின் சிறப்பை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். வரம், வேள்வி என்ற போர்வை ஏதுமின்றி, வயது வந்த கணவனும் மனைவியும் அன்பினால் கூடியதன் பயனே இக்கரு என்று அது கூறுகிறது. தமிழ்க் கதையுலகில் இது பெரிய துணிவு. கருவைக் கலைக்க வேண்டாம் என்ற முடிவுக்கும் அத்தாய் மதிப்புத் தருகிறாள். முதலில் ஏசிய மாமியாரே பின்னர் உறவினர் நடுவே மருமகளுக்குத் துணையாக நின்று பேசும் காட்சி, படத்தின் உயிர்நாடி எனலாம். ஊர்வசியின் நடிப்பில் அச்சமும் குறும்பும் மாறி மாறி வருவது கண்டு மகிழத்தக்கது.

குறை எங்கே இருக்கிறது? கதை மகனுடைய கதையாகிவிடுகிறது. தாய் கருவுற்றதால் மகனுக்கு நேரும் வெட்கம், அவன் காதலுக்கு வரும் இடையூறு, அவன் மனம் மாறுதல் ஆகிய இவையே கதையை நடத்திச் செல்கின்றன. மகன் மன்னிப்பதே முடிவாகிறது. மன்னிப்பதற்கு அத்தாய் செய்த குற்றம் யாது என்று கேட்பார் இலர். பேராசிரியர் கூறிய இருவகை நகையுள் முதல்வகையே திரையரங்கை நிறைக்கிறது. நாணத்தின் நிலையும் மாறிவிட்டது. நற்றிணைத் தலைவியின் நாண் இன்பத்தின் அடையாளம். இத்தாய்க்கோ அதே நாண், ஊரார் சுமத்தும் இழிவாகிறது.

இவ்விழிவு தொன்றுதொட்டு வந்ததா? அன்று. தாயும் மகளும் ஒரே ஆண்டில் பிள்ளை பெற்ற குடும்பங்கள் பழைய ரப்பர்த் தோட்டங்களில் புதுமையல்ல. தாய்மாமனும் மருமகனும் ஒரே வகுப்பில் அமர்ந்து படித்த கதையை முதியோர் சிரித்துக்கொண்டே சொல்வர். மலேசியாவில் தேசியக் குடும்பத் திட்ட வாரியம் 1966இல் அமைந்தது. தமிழகத்திலும் 'நாம் இருவர் நமக்கு இருவர்' என்ற முழக்கம் சுவர்தோறும் எழுதப்பட்டது. அளவான குடும்பம் பெண்களுக்குச் செய்த நன்மை பெரிது. அதை மறுத்தல் கூடாது. ஆனால் அதனோடு, பிந்திப் பிறக்கும் பிள்ளை பெற்றோரின் கவனக்குறைவு என்னும் எண்ணமும் வேரூன்றியது. கேலி அங்கிருந்து வளர்ந்தது.

வெட்கத்தின் விலை

இது வெறும் இலக்கிய ஆராய்ச்சி அன்று. சொகூரில் குளுவாங், சிகாமட் போன்ற வட்டாரங்களில் தோட்டப் பள்ளிகளில் பணியாற்றுவோர், முதலாம் ஆண்டுப் பதிவு நாளில் ஒரு காட்சியைக் காண்பதுண்டு. சிறுவனைக் கைப்பிடித்து வரும் நரைத்த தலைத் தாயிடம், "பேரனா?" என்று யாரேனும் கேட்டுவிடுவர். அவள் "மகன்" என்று தாழ்ந்த குரலில் சொல்வாள். அருகில் நிற்பவர் புன்னகை செய்வர். ஏழு வயதுச் சிறுவனுக்கு அப்புன்னகையின் பொருள் விளங்கிவிடும். குழந்தை உளவியல் படித்த ஆசிரியருக்கு, அது அவன் மனத்தில் எங்கே சென்று தங்கும் என்பது தெரியாததன்று.

அவ்வெட்கத்தின் விலை உடல்நலத்திலும் வசூலாகிறது. நாற்பதுகளில் விலக்கு தள்ளிப் போனால், அது நிற்கும் காலம் வந்ததென்றே பல பெண்கள் கொள்வர். முடிவும் தொடக்கமும் ஒரே குறியால் வெளிப்படும் வயது அது. உண்மை தெரிந்த பின்னரும், ஊர் அறியுமே என்று மறைத்து, ஐந்தாம் மாதத்தில் மருத்துவரைக் காணச் செல்வோர் உண்டு. பன்னிரண்டு வாரத்திற்குள் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் பதிந்துகொள்வதே முறை. இவ்வயதில் நீரிழிவும் இரத்த அழுத்தமும் கருச்சிதைவும் நேரும் வாய்ப்பு மிகுதி. டவுன் நோய்க்குறியுடன் குழந்தை பிறக்கும் வாய்ப்பு நாற்பது வயதில் ஏறத்தாழ நூற்றில் ஒன்று. இவை அஞ்சி ஒளிவதற்குரிய செய்திகள் அல்ல. முன்கூட்டிச் சென்று கண்காணிப்பில் இருப்பதற்குரிய காரணங்கள். அங்கே தாயின் பதிவேட்டில் வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என நிற அடையாளம் இட்டு, இடர் எவ்வளவு என்று குறிக்கின்றனர். அவ்வடையாளத்தில் இகழ்ச்சி இல்லை, கவனம் இருக்கிறது. நம் உறவினரின் பார்வையிலும் அத்தகைய கவனம் இருந்தால் போதுமே!

சட்டமும் ஓரளவு துணை நிற்கிறது. பேறுகால விடுப்பு 60 நாளாக இருந்தது, 2023ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்துள்ளது. ஆயினும் ஐந்து பிள்ளைகள் உயிரோடு இருப்பின், பேறுகால உதவித்தொகைக்கு உரிமை இல்லை. ஆறாவது பிள்ளையை நாற்பதைக் கடந்து சுமக்கும் தொழிலாளிப் பெண்ணுக்கு, ஊர் வயதை எண்ணுகிறது. சட்டம் பிள்ளைகளை எண்ணுகிறது.

இலக்கியம் செய்ய வேண்டுவது

நம் பழைய நூல்கள் இத்தாயை வரத்தால் மூடின. புதிய திரைப்படம் அவளை வெளியே கொணர்ந்து மேடையில் நிறுத்தியது. ஆனால் பேச்சுரிமையை மகனிடம் கொடுத்துவிட்டது. இனி எழுதுவோர் அவளிடமிருந்தே தொடங்குதல் வேண்டும். நாட்காட்டியைப் பார்த்து அவள் நாளை எண்ணும் இரவும், நம்ப முடியாது தனக்குள் அவள் சிரிக்கும் சிரிப்பும், முழங்கால் வலியோடு படியேறும் பகலும், வளர்ந்த மகளிடம் சொல்லத் தயங்கும் பொழுதும் தமிழில் எழுதப்பட வேண்டியவை. பசும்புளியின் வேட்கையைப் பாடிய நன்னாகையாரின் மரபில் வரும் பெண்பாற் புலவர் அதைச் செய்வாராயின், முதுபெண்டு என்னும் பழஞ்சொல்லுக்கும் புதுப்பொருள் கிடைக்கும்.

அதுவரை, பதிவு மேசையில் அமர்வோர் ஒன்று செய்யலாம். சிறுவனுடன் வந்து நிற்கும் பெண்ணை நோக்கி உறவுமுறை வினவாது, பிள்ளையின் பெயர் என்ன என்று கேட்கலாம். யார் பெற்ற பிள்ளை என்பதை அவளே சொல்லட்டும், சிரித்துக்கொண்டு சொல்லட்டும்.