தூண்டல் பாடத்தில் விரலுக்கு என்ன வேலை?

தூண்டல் முறையில் மின்னேற்றம் செய்வதை நம்ம வகுப்புகளில் பெரும்பாலும் நான்கு படங்களாகத்தான் நடத்துகிறோம். தண்டு கிட்டே வருகிறது, விரல் தொடுகிறது, விரல் விலகுகிறது, தண்டு விலகுகிறது. பிள்ளைகள் வரிசையை மனப்பாடம் செய்துவிடுவார்கள். 'விரலுக்கு முன்னாடியே தண்டை எடுத்துட்டா?' என்று கேளுங்கள், முழிப்பார்கள். என் விமர்சனம் அங்கேதான்.

சீப்பு காகிதத் துணுக்கை இழுப்பதைக் காட்டிவிட்டு 'இதுதான் தூண்டல்' என்று முடிப்பது பாதிக் கதை. காகிதத்துக்குள் மின்னூட்டம் கொஞ்சம் இடம் மாறுகிறது. கிட்டே இருக்கும் எதிர் மின்னூட்டத்தின் மீதான ஈர்ப்பு, தள்ளி இருக்கும் ஒத்த மின்னூட்டத்தின் மீதான விலக்கத்தைவிட அதிகம், அதனால் ஒட்டுகிறது. மொத்தத்தில் காகிதம் நடுநிலைதான். இதைச் சொல்லாமல் விட்டால், காகிதத்தில் முன்பே எதிர் மின்னூட்டம் இருந்தது என்றுதான் நினைப்பார்கள்.

எனக்குப் பிடித்த மாற்று எலக்ட்ரோஃபோரஸ். 1762-இல் வில்கே விவரித்தது, 1775-இல் வோல்டா பிரபலமாக்கியது. ஒரு தெர்மாகோல் பலகை, ஒரு அலுமினியத் தட்டு, கைப்பிடியாக நடுவில் ஒட்டிய தெர்மாகோல் டம்ளர். அவ்வளவுதான். பலகையைக் கம்பளியால் தேய்த்தால் அதில் எதிர்மின்னூட்டம் சேரும். மேலே தட்டை வைத்து விரலால் தொட்டால் எலக்ட்ரான்கள் விரல் வழியாக வெளியேறும். விரலை எடுத்து, கைப்பிடியைப் பிடித்துத் தட்டைத் தூக்கினால் தட்டில் நேர்மின்னூட்டம்.

விரலுக்குப் பதிலாக ஒரு சின்ன நியான் பல்பின் ஒரு முனையைக் கையில் பிடித்து, மறுமுனையால் தட்டைத் தொடுங்கள். அறை இருட்டாக இருக்கட்டும். நியானில் எதிர்மின்வாய்தான் ஒளிரும். தட்டு பலகைமேல் இருக்கும்போது தட்டுப் பக்க முனை மின்னும். தூக்கிய பிறகு தொட்டால் கைப் பக்க முனை மின்னும். திசை மாறியது கண்ணுக்கே தெரிகிறது. படத்தில் கூட்டல் கழித்தல் குறி போடுவதைவிட இது மேல்.

அடுத்து, வேண்டுமென்றே தப்பாகச் செய்யச் சொல்லுங்கள். விரலை எடுக்காமலே தட்டைத் தூக்கினால், போன எலக்ட்ரான்கள் அதே வழியில் திரும்பிவிடும். தட்டில் ஒன்றும் மிஞ்சாது. வரிசை ஏன் முக்கியம் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. மறுபடி தேய்க்காமல் பல தடவை செய்யலாம். 'அப்போ ஆற்றல் எங்கிருந்து வருது சார்?' என்று யாராவது கேட்டால் வகுப்பு ஜெயித்த மாதிரி. ஈர்ப்பை எதிர்த்துத் தட்டைத் தூக்கும் கை செய்கிற வேலைதான் அது.

ஈரப்பதமான நாளில் சோதனை சொதப்பும். பொருளின் மேல் படியும் மெல்லிய நீர்ப்படலம் வழியாக மின்னூட்டம் கசிந்துவிடுகிறது. அதையும் பாடமாக்கலாம், வெயிலில் காயவைத்து மறுபடி செய்யலாம். 'வந்ததா நினைச்சுக்கோங்க' என்று மட்டும் சொல்லாதீர்கள். அறிவியலில் நினைத்துக்கொள்வதே போதும் என்று அவர்கள் கற்றுக்கொள்வது அப்படித்தான்.