ராக் இசையில் மாந்திரீக மரபு

1967-இல் வெளிவந்த பீட்டில்ஸின் ‘சார்ஜென்ட் பெப்பர்ஸ்’ இசைத்தட்டு உறையின் மேல் வரிசையைப் பாருங்கள். முதலில் யோகி ஸ்ரீ யுக்தேஸ்வர் கிரி. அடுத்து, மொட்டைத் தலையோடு ஆங்கிலேய மாந்திரீகர் அலெய்ஸ்டர் க்ரௌலி. அன்றைய இளைஞர் பலருக்கு யோகமும் மாந்திரீகமும் ஒரே தேடலாகத்தான் பட்டன. க்ரௌலியிடமே அந்தக் கலப்பு உண்டு. 1901-இல் இலங்கையில் நண்பர் ஆலன் பென்னட்டோடு தங்கி யோகம் பயின்றார்; பென்னட்டுக்கு அதைக் கற்பித்தவர் நம் பொன்னம்பலம் இராமநாதன்.

இந்த மரபை எடைபோட எனக்கு ஒரே அளவுகோல்தான். நம்பிக்கை நாதத்துக்குள் இறங்கியதா, உறையோடும் உடையோடும் நின்றுவிட்டதா?

க்ரௌலி வழியில் முதல்வர் லெட் செப்பலினின் கிதார் கலைஞர் ஜிம்மி பேஜ். க்ரௌலி சடங்கு நடத்திய, லாக் நெஸ் ஏரிக்கரைப் போலெஸ்கைன் மாளிகையையே விலைக்கு வாங்கினார். லண்டனில் மாந்திரீக நூல்களுக்கென்றே ‘ஈக்வினாக்ஸ்’ என்ற புத்தகக் கடை நடத்தினார். 1971-இல் வந்த அக்குழுவின் நான்காம் தட்டுக்குத் தலைப்பில்லை; நால்வருக்கும் ஆளுக்கொரு குறி. ஆனால் அதன் பலம் ப்ளூஸிலும் நாட்டார் இசையிலும் இருக்கிறது. குறிகளை அழித்துவிட்டாலும் பாட்டுக்கு ஒரு குறையும் வராது. தம்மைக் க்ரௌலியின் மகன் என்றே நம்பிய இசைக் கலைஞர் கிரகாம் பாண்ட், 1970-இல் ‘ஹோலி மேஜிக்’ தட்டை வெளியிட்டார். 1974-இல் லண்டனில் ரயிலில் அடிபட்டு இறந்தார். அந்தத் தட்டைக் கேட்டால் நெஞ்சு கனக்கிறது.

மேடைச் சடங்குக்காரர்கள் தனி வகை. தலையில் தீ எரிய ஆடிய ஆர்தர் பிரவுன், 1969-இல் 13 நிமிடச் சாத்தான் பூசையைத் தட்டிலேயே பதிவு செய்த அமெரிக்காவின் கவன் குழு, லெஸ்டர் நகரத்துப் பிளாக் விடோ குழு. இவர்களில் பிரவுனின் குரல் மட்டுமே இன்றும் நிற்கிறது.

பர்மிங்காம் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளான பிளாக் சாபத் எந்தச் சடங்கும் செய்தவர்கள் அல்லர். பெயரே ஒரு பேய்ப்படத்திலிருந்து எடுத்தது. ஆனாலும் 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை வெளியான முதல் தட்டின் முதல் பாட்டு இம்மரபின் உச்சம். மழை, இடி, தொலைவில் தேவாலய மணி. பிறகு கிதாரில் மூன்றே சுரங்கள். நம் கணக்கில் சொன்னால் சட்ஜம், மேல் ஸ்தாயி சட்ஜம், பிரதி மத்யமம். கல்யாணியில் மங்களமாக ஒலிக்கும் அதே மத்யமம்தான். இங்கே துணைக்கு வேறு சுரம் இல்லாமல், மெதுவாக, அதிர விட்டு நிறுத்தும்போது முதுகு சில்லிடுகிறது. வாசித்த டோனி அயோமி, தகடு வெட்டும் ஆலையில் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். பிளாஸ்டிக்கை உருக்கித் தாமே செய்த குப்பிகளை விரல்களில் மாட்டி, மெல்லிய தந்திகள் கட்டி வாசித்தார். அச்சம் அந்த நாதத்திலேயே இருக்கிறது. சொல் வருமுன்பே நம்மைத் தொட்டுவிடுகிறது.

இதற்கு இணை வைக்க ஒரே ஒரு தட்டு உண்டு: டாக்டர் ஜானின் ‘க்ரி-க்ரி’, 1968. நியூ ஆர்லியன்ஸ் பியானோக் கலைஞர் மேக் ரெபனாக், அவ்வூரில் 19-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வூடூ வைத்தியர் ஒருவரின் பெயரைத் தமதாக்கிக்கொண்டு பாடினார். தோல் வாத்தியங்கள், முணுமுணுக்கும் பெண்குரல்கள், கிரியோல் சொற்கள் எல்லாம் அவ்வூர்த் தெருக்களில் புழங்கியவை. புத்தகம் படித்துச் சேர்த்த மாந்திரீகம் இல்லை அது. பதிப்பித்த அட்லாண்டிக் நிறுவனத்தின் அஹ்மத் எர்டெகனுக்கே இதை எப்படி விற்பது என்று விளங்கவில்லை. வெளியிட்டாரே, அதற்கு அவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.